இடது இறக்கையில் இன்னொரு கை

தன்கை விமானங்கள் அலுவலகத்தின் மீது இக்கதைக்கு எவ்விதக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துவிடுவது முறையாகும். அவ்வலுவலகம் தன் கடமையை ஒரு நாளும் மறந்ததில்லை. ஒருவர் தம் சொந்த முயற்சியில் விமானம் செய்து பறக்க விரும்பினால், அதை அவர் தம் கையாலேயே செய்தாரா, பிறர் எவரும் அதில் கை வைக்கவில்லையா என்று உறுதிசெய்வதே அக்கடமை. அந்த விமானம் பறக்குமா என்பது அலுவலகத்தின் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. பறப்பவர் அதை விரைவில் தாமே அறிந்துகொள்வார் என்பது அலுவலகத்தின் நம்பிக்கை.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் ஒருவர் அப்படியொரு விமானத்தைச் செய்து முடித்திருந்தார். கண்ணாடிக்காரர் என்றே எல்லோரும் அவரை அழைத்தார்கள். சிறிய விமானத் திடல் ஒன்றின் ஓரத்தில் வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகையில் அந்த விமானம் நின்றது. அலுமினியத் தகட்டு உடம்பு. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். உள்ளே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய இன்ஜின். நின்ற இடத்திலேயே எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருப்பது போன்ற தோற்றம் அதற்கு இருந்தது.

இடது இறக்கை முடிந்து, வலது இறக்கைக்கான தகடுகள் வந்து இறங்கிய வாரத்தில் அவருடைய மனைவி வேறோர் ஊரில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். பேரக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொல்லிப் போனார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. இங்கே ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த வேலையை மனைவி அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் தேடிக்கொண்டார். சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் செய்ய யாராவது வந்திருப்பார்கள்.

விமானம் பறப்பதற்கு இரண்டு தடைகள் மிச்சமிருந்தன. இன்ஜின் சூடானதும் பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள் மெல்லச் சரிந்து கீழே போய்ப் படுத்துக்கொண்டது ஒன்று. அலுவலகத்தின் அனுமதி மற்றொன்று. முதலாவதைக் கண்ணாடிக்காரர் பெரிதாக நினைத்தார். அது அவருடைய அனுபவக் குறைவு.

அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த பெண்மணி அவரை மலர்ந்த முகத்துடன் பார்த்தார்.

"தனியா வந்தீங்களா?"

"ஆமாங்க."

"நல்லது. ஆரம்பமே நல்லா இருக்கு."

"தலைமை அலுவலர் ரூம் எதுங்க?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. இங்க யாருக்கும் உதவி பண்றதில்ல. கொள்கை."

கண்ணாடிக்காரர் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார். ஒரு கதவுக்குப் பின்னால் துடைப்பங்கள் இருந்தன. இன்னொன்றின் பின்னால் மதிய உணவு உண்டுகொண்டிருந்த ஊழியர் ஒருவர், வாயில் உணவுடன், "அடுத்த கதவு" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே அவர் முகம் வெளுத்தது. "நான் ஒண்ணும் சொல்லலீங்க. நீங்களே கண்டுபிடிச்சீங்க" என்றார். கண்ணாடிக்காரர் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கதவைத் தாமே கண்டுபிடித்தார்.

தலைமை அலுவலர் பெரிய மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அவருடைய கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரரின் விரல்கள் தாமாகவே அசைந்தன, அடக்கிக்கொண்டார்.

"யாராவது உதவினாங்களா?" என்று கேட்டார் தலைமை அலுவலர்.

"யாருமில்லீங்க."

யோசிக்காமல் வந்த பதில் அது. அலுவலகத்துக்கு அந்த வேகம் பிடித்திருந்தது.

"கனமானதைத் தூக்கும்போது பிடிச்சுக்கிட்டவங்க?"

"கப்பியும் கயிறும்தாங்க."

"டீ வாங்கிக் குடுத்தவங்க?"

"நானே போய்க் குடிச்சிட்டு வந்துடுவேன்."

"பாராட்டினவங்க?"

கண்ணாடிக்காரர் இதற்கு மட்டும் சற்று யோசித்தார். "அப்படி ஞாபகம் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாராட்டும் உதவிதான். ஒருத்தரை அவரோட மாமனார் முதுகுல தட்டிக் குடுத்திருக்காரு. விமானத்தை நிறுத்தி வெச்சிட்டோம். அதுல பாதி மாமனாரோட ஊக்கம் சார். ஊக்கத்தைக் கழிச்சிட்டுப் பாத்தா அங்க வெறும் சக்கரம்தான் மிஞ்சும்." அவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். "நான் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன்னு நெனைக்கிறீங்க? எங்க பெரியப்பா இந்த அலுவலகத்துல இருந்தாரு, அவர் சொல்லி எங்க சித்தப்பா சேர்ந்தாரு, அவர் சொல்லி நான் சேர்ந்தேன். ஒவ்வொருத்தரும் சொந்தக் கால்ல நின்னோம்."

கண்ணாடிக்காரர் மரியாதையுடன் தலையசைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இன்ஜின் சூடானா பெட்ரோல் அழுத்தம் விழுதுங்க. அதைப் பத்தி யாரையாவது கேக்கலாமான்னு…" என்றார்.

தலைமை அலுவலர் கையை உயர்த்தித் தடுத்தார். "அது உங்களுக்கும் இன்ஜினுக்கும் உள்ள விஷயம். நாங்க குடும்ப விஷயத்துல தலையிடறதில்ல."

அடுத்ததாகத் தனிமைச் சாட்சிகள் தேவைப்பட்டனர். விமானம் செய்தவருக்கு உதவி கிடைக்கவில்லை என்று நேரில் வந்து சொல்ல வேண்டியவர்கள் இவர்கள். அறிமுகமே இல்லாதவர் வந்து, இவருக்கு நான் உதவவில்லை என்று சொன்னால் அதில் பொருளில்லை. உதவியிருக்க வேண்டியவர்கள் வந்து சொன்னால்தான் மதிப்பு. "நெருங்கினவங்களா இருக்கணும், ஆனா நெருங்கியிருக்கக் கூடாது" என்று அலுவலகம் இதைச் சுருக்கமாக விளக்கியது.

இத்தகையோரைத் திரட்டுவது கடினமாயிருக்கும் என்று கண்ணாடிக்காரர் அஞ்சினார். அந்த அச்சம் வீணாயிற்று. சொன்ன நேரத்துக்கு முன்பாகவே அனைவரும் வந்துவிட்டார்கள்.

மனைவியின் தம்பி முதலில் பேசினார். "அத்தான் இறக்கையை உடம்போட மாட்டணும், ஒரு கை பிடின்னு போன் பண்ணாரு சார். நான் எடுக்கல. மறுபடி பண்ணாரு. அப்பவும் எடுக்கல. இன்னி வரைக்கும் திரும்பக் கூப்பிடல."

"ரொம்ப நல்ல சாட்சி" என்றார் தலைமை அலுவலர்.

பக்கத்துக் கொட்டகையில் கார்களுக்கு வர்ணம் பூசும் பெயிண்டர் அடுத்து வந்தார். "நடுவுல ஒரு தகரம்தான் சார். இவரு பேசறது எல்லாம் கேக்கும். 'பிரேக் போட்டாச்சா?' 'போட்டாச்சு.' 'நல்லாப் பாத்தியா?' 'பாத்தேன்யா.' ரெண்டு குரலா இருக்கேன்னு ஒரு நாள் எட்டிப் பாத்தேன். ரெண்டுமே இவருதான்."

தலைமை அலுவலர் கவலையுற்றார். "எட்டிப் பாத்தீங்களா? பாத்துட்டு என்ன பண்ணீங்க?"

"சத்தம் போடாம வந்துட்டேன் சார். பாவமா இருந்துது."

"பாவமா இருந்துதுன்னு இவருக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரியும்."

"அப்ப சரி."

மகளிடம் தொலைபேசியில் விசாரிப்பதாக ஏற்பாடு. முந்திய நாளே கண்ணாடிக்காரர் அவளை அழைத்திருந்தார்.

"நான் என்னப்பா சொல்லணும்?"

"கொட்டகைப் பக்கம் எப்பவாவது வந்தியான்னு கேப்பாங்க."

"வந்ததே இல்லையே."

"அதைச் சொன்னாப் போதும்."

"வரணும்னு நெனச்சது உண்டுப்பா. நெறைய தடவை."

"அதைச் சொல்லிடாதேம்மா."

அவள் சொல்லவில்லை. அவருக்கு ஒருவரும் இல்லை என்பதை இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்து சொன்னது அவ்வலுவலகத்தின் வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி என்று தலைமை அலுவலர் பாராட்டினார். பாராட்டு உதவியாகிவிடக் கூடாது என்பதால், கண்ணாடிக்காரரை வெளியே அனுப்பிவிட்டுப் பாராட்டினார். நடைகூடத்தில் காத்திருந்தவரிடம் மைத்துனர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அத்தான், ஜெயிச்சிட்டோம். உங்களுக்கு யாருமே இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க."

மேல்மாடியில் இருந்த பாதுகாப்புப் பிரிவு இதன் பிறகே விழித்துக்கொண்டது. இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது ஒருவர் தனியாக இருக்கலாகாது, உடன் ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும் என்பது அப்பிரிவின் விதி. உடன் ஆள் இருந்தால் அனுமதி இல்லை என்பது கீழ்மாடியின் விதி. இரு மாடிகளும் கலந்து பேசி, இருந்தும் உதவாத ஒருவரை அலுவலகமே அனுப்பும் என்று முடிவு செய்தன. அப்பதவிக்கு இருப்பு அலுவலர் என்று பெயர். அதற்குப் போட்டி கடுமையாக இருந்ததாகக் கேள்வி.

இருப்பு அலுவலர் தம் மடக்கு நாற்காலியுடன் கொட்டகைக்கு வந்தார். விமானத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, செய்தித்தாளை விரித்தார்.

"நான் இருக்கேன். அவ்வளவுதான்" என்றார்.

"சரிங்க."

"ஏதாவது கேட்டீங்கன்னா காது கேக்காது. தப்பா நெனைக்காதீங்க."

கண்ணாடிக்காரர் விமானி இருக்கையில் ஏறி அமர்ந்தார். முள்ளையும் பார்க்க வேண்டும், இன்ஜினின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஓர் ஆளால் ஆகாது. அதனால் கடையில் வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கும் கண்ணாடிகளைக் கொண்டுவந்து, மரக்கால்களில் ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தியிருந்தார். முதல் கண்ணாடியில் இன்ஜின் தெரிந்தது. கடைசிக் கண்ணாடி சற்றே திரும்பியிருந்ததால் அதில் அவர் தெரிந்தார், அவருக்குப் பின்னால் காலியாக இருந்த இருக்கையும் தெரிந்தது.

"பிரேக் போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு" என்றார். ப்ரொப்பெல்லர் சுழன்றது. கொட்டகை முழுதும் நடுங்கியது. முள் கொஞ்ச நேரம் நேராக நின்றது. பிறகு வழக்கம்போல் சரியத் தொடங்கியது. அவர் கண்ணாடிகளை மாறி மாறிப் பார்த்தார். இன்ஜினில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு கண்ணாடியின் ஓரத்தில், இருப்பு அலுவலரின் நாற்காலி முன்பிருந்த இடத்தில் இல்லை. செய்தித்தாளை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் வாசலை நோக்கி நாற்காலியோடு நகர்ந்துகொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினார். ரப்பர் கருகும் வாடை அடித்தது. பெட்ரோல் குழாய் ஓரிடத்தில் புகைபோக்கிக்கு மிக அருகே வளைந்து போயிருந்தது. அதன் மேலுறை கருகிக்கொண்டிருந்தது. அந்த வளைவில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் பெட்ரோலுக்குப் பதிலாகக் குமிழிகளை இழுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் விளங்காதது ஒரு நொடியில் விளங்கியது.

இருப்பு அலுவலர் வாசலில் வியர்த்து நின்றார். "நான் நகர்ந்ததை நீங்க பாக்கல."

"பாக்கலீங்க."

"எனக்கு வீட்ல காத்திருப்பாங்க சார்."

"நான் ஒண்ணுமே பாக்கலீங்க."

குழாயை வேறு வழியாகத் திருப்பி, வெப்பம் தாங்கும் உறை போட்டு, நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பும் வைத்து, மறு வாரம் மீண்டும் ஓட்டினார். இன்ஜின் சூடாயிற்று, மேலும் சூடாயிற்று. முள் நின்ற இடத்தில் நின்றது. அவர் விசையைக் குறைத்து அணைத்துவிட்டு, திரும்பி, "முள் நின்னுடுச்சு" என்றார். அலுவலக நேரம் முடிந்திருந்ததால் நாற்காலி போய்விட்டிருந்தது. தகரத்துக்கு அப்பால் பெயிண்டர் இருமினார். அதை உதவியாக எடுத்துக்கொள்ளாதிருக்கும்படி கண்ணாடிக்காரர் தம்மைப் பழக்கிக்கொண்டார்.

இறுதியாகக் கை ஆய்வாளர் வந்தார். ஒரு வேலையைப் பார்த்தே அது எத்தனை கைகள் செய்தது என்று சொல்லிவிடக்கூடியவர் என்று அவருக்குப் பெயர். முதலில் வலது இறக்கைக்குப் போனார். தகடுகளைச் சேர்க்கும் ரிவெட்டுகளை வரிசையாகத் தடவிப் பார்த்தார். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, மற்றவர் உள்ளே இரும்புக் கட்டியை வைத்துத் தாங்க வேண்டும். வலது இறக்கையில் கண்ணாடிக்காரர் கட்டியைக் கயிற்றில் கட்டியும், முழங்காலில் முட்டுக் கொடுத்தும் தாமே சமாளித்திருந்தார். தகடு முழுதும் பிறை பிறையாகச் சொட்டை விழுந்திருந்தது. பல ரிவெட்டுகளை எடுத்துவிட்டுத் திரும்ப அடித்திருந்தார்.

கை ஆய்வாளர் நெகிழ்ந்து போனார். "இது ஒத்தை ஆள் வேலை சார். ஒவ்வொண்ணுலயும் ஒரு கஷ்டம் தெரியுது."

இடது இறக்கைக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. தடவினார், குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார்.

"இது சரியில்ல."

"என்னங்க சரியில்ல?"

"எல்லாம் சரியா இருக்கு."

இறக்கையின் அடியில் கையை விட்டு வேலை செய்வதற்கான வட்டத் துளை ஒன்று இருந்தது. அதற்குள், விமானத்தைச் சாய்க்கும் தண்டைப் பிடித்திருக்கும் நட்டு ஒன்று ஆழத்தில் இருந்தது. அதை முடுக்கிக் காட்டும்படி ஆய்வாளர் கேட்டார். கண்ணாடிக்காரர் சட்டைக் கையை மடித்து, துளைக்குள் கையை விட்டார். முழங்கைக்கு முன்பே அது நின்றுவிட்டது. சோப்பு தடவிக்கொண்டு மீண்டும் முயன்றார். இன்னும் சற்று உள்ளே போயிற்று. அத்துடன் வெளியேயும் வர மறுத்தது.

"மாட்டிக்கிச்சுங்க. கொஞ்சம் இழுத்து விடறீங்களா?"

"உதவக் கூடாதுங்களே" என்றார் ஆய்வாளர், உண்மையான வருத்தத்துடன். "ஆனா இருக்கேன். ஆற அமர எடுங்க."

கன்னத்தை இறக்கையின் அடித் தகட்டில் வைத்தபடி கண்ணாடிக்காரர் நின்றார். நட்டு விரல்நுனிக்கு எட்டவில்லை. இதே இடத்தில் இதே போல் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஒருவர் நினைவுக்கு வந்தார். 'பாத்தாத்தான் குழப்பம், தொட்டாத் தெரிஞ்சிடும்' என்று சொல்வது அவருடைய வழக்கம். ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் கையில் நரம்பைத் தேடுவதும் அப்படித்தான். அடுத்த துளைக்குப் போவதற்குள் அவர் எதையோ முணுமுணுத்துச் சிரித்தது கண்ணாடிக்காரருக்கு ஞாபகம் வந்தது. என்ன சொன்னார் என்பது ஞாபகம் வரவில்லை. அப்போது கண்ணாடிக்காரர் ரிவெட் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இந்த நட்டு யார் கை?" என்றார் ஆய்வாளர்.

"என் மனைவிங்க."

"அப்ப உதவி பண்ணியிருக்காங்க."

"உதவின்னு சொல்ல முடியாதுங்க. அவ இருந்தா."

கை வெளியே வந்தபோது ஆய்வாளர் தம் முடிவையும் வெளியிட்டார். இடது இறக்கையின் ரிவெட்டுகள் அனைத்தையும் துளையிட்டு எடுத்துவிட்டு, வலது இறக்கையின் தரத்துக்குக் குறையாமல், கண்ணாடிக்காரர் தாம் ஒருவராகவே மீண்டும் அடிக்க வேண்டும். எடுத்து அடித்தால் தகடு தாங்காதே என்று அவர் கேட்டார். தாங்குவது வேறு பிரிவு என்று ஆய்வாளர் சொன்னார்.

ஆனால் தலைமை அலுவலர் கருணையுள்ளவர். விதிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்துத் தந்தார். சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும் அலுவலகத்தின் பார்வையில் ஒருவரே. ஆகவே மனைவியின் கை கணவனின் கையே. அந்த நட்டை முடுக்கியபோது இருவரும் சேர்ந்திருந்தார்களா என்பதை மட்டும் மனைவி நேரில் வந்து சொல்ல வேண்டும்.

மனைவி பேருந்தில் வந்தார். தோள்பையை மடியில் வைத்து நேராக அமர்ந்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்து, "இளைச்சிட்டீங்க" என்றார். அவர், "நீயும்தான்" என்றார். அது உண்மையில்லை. மனைவி நன்றாக இருந்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் யாரும் உதவலைன்னு சொல்லியிருந்தாரு. அப்புறம்தான் உங்க கை தெரிஞ்சுது" என்று தொடங்கினார் தலைமை அலுவலர்.

மனைவி கணவனின் பக்கம் திரும்பினார். "அப்படியா சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் தம் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் பொய் சொல்லலீங்க. அவருக்கு அப்படித்தான் தோணியிருக்கும்" என்றார் மனைவி, அலுவலரிடம்.

"அந்த நட்டை முடுக்கின அன்னிக்கு நீங்க இவரோட சேர்ந்து இருந்தீங்களா?"

"ஒரே வீட்லதான் இருந்தோம்."

"வீடு வேற, சேர்ந்து இருக்கறது வேறம்மா. அலுவலகம் ரெண்டையும் குழப்பிக்கறதில்ல."

மனைவி அலுவலரைச் சற்று மரியாதையுடன் பார்த்தார். மனைவியிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலும்.

"இடது இறக்கை முடியற வரைக்கும் இருந்தேன்" என்றார்.

"அதுக்கப்புறம்?"

"வலது இறக்கைக்குத் தகடு வந்துது. டூட்டி முடிஞ்சு நேரா கொட்டகைக்குத்தான் போனேன். இவர் குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டே கையை நீட்டினாரு. இரும்புக் கட்டியை எடுத்து வெச்சேன். வாங்கிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி நீட்டினாரு. நான் குடுக்கல. சும்மா நின்னு பாத்தேன். கை அப்படியே காத்துல நீட்டிக்கிட்டே இருந்துது. தலை நிமிரல. அப்புறம் அவரே எழுந்து போய் எடுத்துக்கிட்டாரு. நான் அங்க நின்னது கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியல." பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "அன்னிக்குத்தான் மகளுக்குப் போன் பண்ணினேன்."

அருகில் நின்ற கை ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். தலைமை அலுவலரோ மகிழ்ந்திருந்தார். இவ்வளவு தெளிவான சாட்சியம் அலுவலகத்துக்குக் கிடைப்பது அரிது.

"ஆக, இடது இறக்கையைச் செஞ்சது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்த ஒருத்தர். வலது இறக்கையைச் செஞ்சது இவர் மட்டும் இருக்கற ஒருத்தர்." மேசையின் இரு முனைகளிலும் இரண்டு பேனாக்களை வைத்தார். "ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். இந்த ஒருத்தரும் அந்த ஒருத்தரும் ஒரே ஆளா? ஒரே ஆள்னா, விமானம் ஒருத்தர் செஞ்சது. அனுமதி உண்டு. வேற வேற ஆள்னா, ரெண்டு பேர் செஞ்சது. விமானத்தைப் பிரிச்சிடணும். சார், நீங்களே சொல்லுங்க. நீங்க இன்னும் அதே ஆள்தானா?"

மனைவி இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் அவர் திறந்தார். கையை நீட்டியும் இரும்புக் கட்டி வராத கொட்டகையில் இத்தனை ஆண்டுகள் இருந்தாயிற்று. திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டாயிற்று. திரும்பினால் நாற்காலிகூட இருப்பதில்லை. அந்த ஆள் வேறு, நான் வேறு என்று சொல்ல அவரிடம் போதுமான காரணங்கள் இருந்தன. சொன்னால் அவள் என்ன செய்வாள் என்பது தெரியாது. அலுவலகம் என்ன செய்யும் என்பது தெரியும். கொட்டகையில் அந்த விமானம் எங்கோ புறப்பட்டுவிட்டது போல் நிற்பதும், முள் நின்ற இடத்தில் நிற்பதும் கண்ணுக்குள் வந்தன.

"அதே ஆள்தாங்க" என்றார்.

மனைவி தலையை ஒரு முறை அசைத்தார். கோபம் தெரியவில்லை. நரம்பு கிடைத்துவிட்டால் முகம் எப்படித் தளருமோ அப்படித் தளர்ந்தது.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் அலுவலரிடம்.

தலைமை அலுவலர் எழுந்து நின்று இரண்டு பேனாக்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அனுமதி வழங்கப்பட்டது.

நடைகூடத்தில் கண்ணாடிக்காரர் மனைவியின் பின்னால் வேகமாக நடந்தார்.

"அது… அலுவலகத்துக்காகச் சொன்னது."

"புரியுது."

"நாளைக்குக் காலையில பறக்கறேன். இருந்து பாத்துட்டுப் போயேன்."

"காலையில ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வரிசையா உக்காந்திருப்பாங்க. நான் போகலைன்னா எல்லாரும் மயங்கி விழுந்துடுவாங்க." வாசலில் நின்று, எங்கோ பார்த்தபடி சொன்னார்: "இறங்கினதும் ஒரு போன் பண்ணுங்க. கையில ஊசி இல்லைன்னா எடுக்கறேன்."

பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அவர் வரவேற்பு மேசையில் கேட்கவில்லை. தாமே கண்டுபிடித்துப் போனார்.

அலுவலகம் ஒரு சிறிய பித்தளைத் தகட்டைத் தந்திருந்தது. 'இவ்விமானம் ஒருவரால் செய்யப்பட்டது' என்று அதில் பொறித்திருந்தது. பின்னிருக்கையில் ஏறுபவர் தம் நிலைமையை அறிந்துகொள்ளும் பொருட்டு, அவர் கண்ணுக்கு நேராக அதைத் திருகாணியால் பொருத்த வேண்டும் என்பது உத்தரவு. முன்னாலிருந்து திருகும்போது பின்னால் ஒருவர் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் இரு பக்கமும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் பசை தடவி ஒட்டினார்.

காலையில் காற்று இல்லை. ஓடுபாதையின் முனையில் விமானத்தை நிறுத்தி, பிரேக்கை அழுத்திக்கொண்டு, எல்லா முட்களையும் பார்த்தார். யாவும் அவற்றின் இடத்தில் இருந்தன. காதில் திடலின் கட்டுப்பாட்டு அறைப் பெண்மணியின் குரல் ஒலித்தது. ஒவ்வொரு விமானத்திடமும், ஏதாவது நேர்ந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக, வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

"உள்ள எத்தனை பேருங்க?"

அவர் திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தார்.

"சார், கேக்குதா? உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தர்" என்றார்.

"ஒருத்தர். சரிங்க. போகலாம்."

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.